லினக்ஸ் கருனியில் வட்டு மீளமைப்புக் கையாளுகை

வட்டு மீளமைப்புக் கையாளுகை என்பது, வன்வட்டு ஒன்று கட்டளைகளுக்கு மறுமொழி தராதபோதோ பிழையான மறுமொழி தரும்போதோ, இயங்குதளத்தின் கருனி அவ்வட்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் பணியில் ஈடுபடுத்தும் வழிமுறை ஆகும். ரீசெட் எனப் பரவலாக அறியப்படும் மீளமைப்புச் சமிக்ஞையை அனுப்புவது இவ்வழிமுறையின் ஒரு சிறு பகுதியே. அதற்கு முன்னர் நிலுவையிலுள்ள பணிகளை நிறுத்தி வைப்பதும், அதன் பின்னர் வட்டின் நிலையை ஐயமறச் சரிபார்ப்பதும் இதன் பெரும்பகுதியாக அமைகின்றன. இவற்றில் பிழை நேர்ந்தால் நல்ல வட்டு ஒன்று பழுதானதாகக் கருதப்பட்டு விலக்கப்படலாம். அல்லது தரவுகள் எவருக்கும் தெரியாமல் சிதையலாம்.

லினக்ஸ் கருனியில் ஏடிஏ, சாட்டா வகை வட்டுகளுக்கான இவ்வழிமுறை, 2006 செப்டம்பரில் வெளியான 2.6.18 பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. அம்மாற்றத்தின் அடிப்படைகளையும், அதனாலும் தீர்க்க இயலாத சில சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மீளமைப்பின் தேவை

கருனி ஒரு வட்டிடம் கட்டளை ஒன்றை அளித்த பின்னர், வேறு பணிகளைக் கவனிக்கச் சென்றுவிடுகிறது. வேலை முடிந்ததும் வட்டு, கட்டுப்படுத்தி வழியாகக் குறுக்கீடு ஒன்றை எழுப்பித் தெரிவிக்கும். இக்குறுக்கீடு உரிய காலத்தில் வராவிடில் வட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கருனியால் நேரடியாக அறிய இயலாது. தரவு வடம் தளர்ந்திருக்கலாம். மின்வழங்கியின் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்திருக்கலாம். வட்டினுள் இயங்கும் நிலைபொருள் முடங்கியிருக்கலாம். அல்லது வட்டு நலமாகவே இருந்து, படிக்கக் கடினமான ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று கொண்டிருக்கலாம். லினக்ஸ் இயல்பாக ஒரு கட்டளைக்கு 30 நொடிகள் வரை காத்திருக்கும். அதன் பிறகு மேற்கண்ட எல்லாச் சூழல்களும் கருனிக்கு ஒரே தோற்றத்தையே தருகின்றன.

காலக்கெடு முடிந்தவுடன் கட்டளை தோல்வியுற்றது எனப் பயன்பாட்டு நிரலுக்குத் தெரிவித்துவிட்டு மேலே செல்வது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் இது ஆபத்தானது. தற்கால வட்டுக் கட்டுப்படுத்திகள், மையச் செயலகத்தின் தலையீடின்றித் தாமே நினைவகத்தில் தரவுகளை எழுதும் நேரடி நினைவக அணுகல் முறையைப் பயன்படுத்துகின்றன. கட்டளை முடியும் வரை, அதற்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதி கட்டுப்படுத்தியின் பயன்பாட்டில் இருக்கும். கருனி அவ்விடத்தை விடுவித்து வேறொரு நிரலுக்கு அளித்துவிட்ட பின்னர் தாமதமாக வரும் தரவு அங்கு எழுதப்பட்டால், தொடர்பே இல்லாத நிரலின் தரவு அழிந்துவிடும். ஆகவே பழைய கட்டளை இனி ஒருபோதும் உயிர்பெறாது என்பதை உறுதிசெய்த பின்னரே நினைவகத்தை விடுவிக்க முடியும். அவ்வுறுதியைப் பெறும் வழியே மீளமைப்பு ஆகும்.

மீளமைப்பின் வகைகள்

ஏடிஏ தரத்தில் இரு முதன்மையான மீளமைப்பு வகைகள் உள்ளன.

மென் மீளமைப்பு: கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் இதற்கென உள்ள பிட் ஒன்றை 1 ஆக்கிப் பின்னர் 0 ஆக்குவதன் மூலம் இது செய்யப்படுகிறது. அந்தப் பிட் குறைந்தது 5 மைக்ரோநொடிகள் 1 ஆக இருத்தல் வேண்டும். பழைய இணைநிலை வடத்தில் முதன்மை, துணை என இரு வட்டுகள் ஒரே வடத்தைப் பகிர்ந்து கொள்வதால், ஒன்றில் சிக்கல் ஏற்பட்டாலும் இரண்டுமே மீளமைக்கப்படும். வட்டின் நிலைபொருள் முற்றிலும் முடங்கியிருந்தால் மென் மீளமைப்பு பயனளிக்காமல் போகலாம்.

வன் மீளமைப்பு: சாட்டா இணைப்பில் காம்ரீசெட் எனப்படும் சமிக்ஞை மூலம் இது செய்யப்படுகிறது. இச்சமிக்ஞை வழக்கமான தரவுப் பரிமாற்றத்துக்குப் புறம்பானது. இணைப்பின் மிகக் கீழ்நிலை மின்சுற்றினால் உணரப்படுவது. இதைப் பெற்ற வட்டு காம்இனிட் என்னும் சமிக்ஞையால் மறுமொழி தருகிறது. பின்னர் இரு முனைகளும் வேகத்தை முடிவு செய்து இணைப்பைப் புதிதாக ஏற்படுத்திக் கொள்கின்றன.

இரு வகைகளிலும் மீளமைப்பு முடிந்ததும் வட்டு தன் பதிவகங்களில் ஓர் அடையாளக் குறியை வைக்கிறது. அதைக் கொண்டு மறுமுனையில் இருப்பது வன்வட்டா, குறுவட்டு இயக்கியா, பல வட்டுகளை இணைக்கும் துறைப் பெருக்கியா என்பதைக் கருனி அறிந்துகொள்கிறது.

ஸ்கசி வகை வட்டுகளில் மீளமைப்பு படிநிலையாக அமைந்துள்ளது. முதலில் குறிப்பிட்ட கட்டளை மட்டும் கைவிடப்படும். அது பயன்தராவிடில் அந்தச் சாதனமும், அடுத்து இலக்கும், அடுத்துப் பாட்டை முழுவதும், இறுதியாகக் கட்டுப்படுத்தியும் மீளமைக்கப்படும். எதற்கும் பலன் இல்லையெனில் சாதனம் பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும். மேலே செல்லச் செல்ல, பழுதில்லாத பிற சாதனங்களும் இடையூறுக்கு உள்ளாகின்றன.

பழைய முறையும் அதன் குறைகளும்

லினக்ஸில் சாட்டா வட்டுகளுக்கான லிப்ஏடிஏ எனும் நிரல்தொகுதியை ஜெஃப் கார்சிக் உருவாக்கினார். இது ஸ்கசி அடுக்கின் கீழ் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில், மீளமைப்பு பெரும்பாலும் வட்டுகளைத் தேடிக் கண்டறியும் கட்டத்தில் மட்டுமே மேற்கொள்ளப்பட்டது. இயக்கத்தின் நடுவில் கட்டளை ஒன்று காலக்கெடுவைத் தாண்டினால், அது தோல்வி எனக் குறிக்கப்பட்டு முடிக்கப்படும். வட்டை நிலைப்படுத்தும் முழுமையான முயற்சி இருக்கவில்லை. பிழைகளைக் கவனிக்கும் பொறுப்பு, ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் உரிய இயக்கி நிரல்களில் சிதறிக் கிடந்தது.

பிழைகளின் ஒரு பகுதி குறுக்கீட்டுக் கையாளியின் உள்ளேயே கவனிக்கப்பட்டமையும் ஒரு குறையாகும். குறுக்கீட்டுக் கையாளி விரைவில் முடிவடைய வேண்டும். அதனால் உறங்கிக் காத்திருக்க இயலாது. ஆனால் வட்டின் மீளமைப்புக்குப் பல நொடிகள் தேவைப்படுகின்றன. இம்முரண்பாட்டால், பிழை நேர்ந்த இடத்திலேயே முறையாக மீட்பது இயலாததாக இருந்தது.

2006-இன் மாற்றம்

டேஜுன் ஹியோ எழுதி 2.6.18 பதிப்பில் இணைக்கப்பட்ட புதிய பிழை கையாளும் நிரல், மேற்கண்ட பொறுப்புகளை ஓரிடத்தில் திரட்டியது. அது பின்வரும் படிகளில் இயங்குகிறது.

1. உறையவைத்தல்: கடுமையான பிழை தென்பட்டவுடன் அந்தத் துறை உறைநிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. கட்டுப்படுத்தியின் குறுக்கீடுகள் அத்துறைக்கு நிறுத்தப்படுகின்றன. புதிய கட்டளைகள் அனுப்பப்படுவதில்லை.

2. ஒப்படைத்தல்: நிலுவையிலிருந்த கட்டளைகள் யாவும் பிழை கையாளும் தனி இழையின் பொறுப்புக்கு மாற்றப்படுகின்றன. இவ்விழை உறங்கிக் காத்திருக்க வல்லது. ஆதலால் நீண்ட மீளமைப்பும் கணினியின் பிற பணிகளைத் தடுப்பதில்லை. ஒவ்வொரு துறைக்கும் தனி இழை இருப்பதால், ஒரு வட்டின் சிக்கல் அடுத்த துறையிலுள்ள வட்டைப் பாதிப்பதும் இல்லை.

3. ஆராய்தல்: நிகழ்ந்த பிழை இணைப்பைச் சார்ந்ததா, வட்டின் ஊடகத்தைச் சார்ந்ததா, காலக்கெடு மீறலா என்பது பதிவகங்களைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. வட்டின் ஒரு பகுதியைப் படிக்க இயலவில்லை என வட்டே தெளிவாகத் தெரிவித்திருந்தால் மீளமைப்புக்குத் தேவை இல்லை.

4. மீளமைத்தல்: தேவையெனில் மென் அல்லது வன் மீளமைப்பு செய்யப்படுகிறது. தொடக்கத்தில் மென் மீளமைப்புக்கு முன்னுரிமை இருந்தது. பின்னர், கூடுதல் நம்பகத்தன்மை கருதி, இயலும் இடங்களில் வன் மீளமைப்பே முதலில் செய்யப்படுமாறு மாற்றப்பட்டது.

5. மறுபரிசோதனையும் மறுசீரமைப்பும்: வட்டின் அடையாளம் மீண்டும் படிக்கப்பட்டு, பரிமாற்ற முறை போன்ற அமைப்புகள் புதிதாக நிறுவப்படுகின்றன.

6. மீண்டும் அனுப்புதல்: தம் குற்றமின்றித் தடைப்பட்ட கட்டளைகள் வரிசைக்குத் திருப்பப்படுகின்றன. பின்னர் துறை உறைநிலையிலிருந்து விடுவிக்கப்படுகிறது.

என்சிக்யூ எனப்படும் கட்டளை வரிசை முறையில் ஆறாவது படி சிறப்பிடம் பெறுகிறது. இம்முறையில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வட்டிடம் நிலுவையில் இருக்கலாம். அவற்றுள் ஒன்று தோல்வியுற்றாலும் வட்டு எஞ்சிய அனைத்தையும் கைவிட்டுவிடும். எது உண்மையில் தோற்றது என்பதை, வட்டினுள் இருக்கும் பிழைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படித்தே கருனி அறிகிறது. ஏனைய கட்டளைகளின் மீது தோல்வி சுமத்தப்படுவதில்லை.

காத்திருக்கும் கால அளவு

மீளமைப்பில் அடிக்கடி திருத்தங்களுக்கு உள்ளான கூறு காத்திருப்பு ஆகும். வன்வட்டின் தகடுகள் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை அடையப் பல நொடிகள் பிடிக்கும். அதற்குள் மறுமொழி இல்லை என முடிவு செய்தால் நல்ல வட்டு விலக்கப்படும். பொறுமையின்றி மீண்டும் மீண்டும் மீளமைத்தால், அரைகுறையாக எழுந்து கொண்டிருக்கும் வட்டு ஒவ்வொரு முறையும் இடையூறுக்கு உள்ளாகி, ஒருபோதும் ஆயத்த நிலையை எட்டாமல் போகலாம். மாறாக, மிக நீண்ட நேரம் காத்திருந்தால், உண்மையாகவே பழுதடைந்த வட்டுக்காகக் கணினியின் பயனர் வீணே காத்திருக்க நேரிடும்.

லிப்ஏடிஏ இதற்கு நான்கு முயற்சிகள் கொண்ட ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறது. முதல் முயற்சிக்கு 10 நொடிகளும், இரண்டாவதற்கு 10 நொடிகளும், மூன்றாவதற்கு 35 நொடிகளும், இறுதி முயற்சிக்கு 5 நொடிகளும் அளிக்கப்படுகின்றன. பெரும்பாலான வட்டுகள் முதல் 10 நொடிகளிலும், ஏறத்தாழ எல்லா நல்ல வட்டுகளும் 20 நொடிகளுக்குள்ளும் எழுந்துவிடும் என்பது இதன் அடிப்படை. மிக மெதுவான வட்டுகளுக்கு இடையூறற்ற நீண்ட அமைதி தேவைப்படுவதால் மூன்றாவது முயற்சி 30 நொடிகளுக்கும் மேற்பட்டதாக அமைந்துள்ளது. மொத்தம் 60 நொடிகள்.

இதைவிட நுண்ணிய அளவிலும் காத்திருப்பு தேவைப்படுகிறது. இணைப்பு ஏற்பட்ட கணத்தில் அதன் நிலை, மின் தொடுப்பானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வு போல மாறி மாறித் தோன்றும். எனவே கருனி வழக்கமாக 5 மில்லிநொடிகளுக்கு ஒருமுறை நிலைப் பதிவகத்தைப் படித்து, 100 மில்லிநொடிகள் மாறாமல் இருந்தால் மட்டுமே அந்நிலையை ஏற்கிறது. மீளமைப்புச் சமிக்ஞைக்குப் பின்னர், வட்டின் மறுமொழியைப் படிக்கும் முன் 150 மில்லிநொடிகள் பொறுத்திருக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு முன் படிக்கப்படும் மதிப்புகள் பழையவையாகவோ பொருளற்றவையாகவோ இருக்கலாம்.

வட்டின் அடையாளத்தைச் சரிபார்த்தல்

மீளமைப்புக்குப் பின் மறுமொழி தரும் வட்டு, முன்னர் இருந்த அதே வட்டு தான் எனக் கருதிவிட முடியாது. சாட்டா வட்டுகளைக் கணினி இயங்கும்போதே கழற்றி மாட்ட இயலும். பிழை கையாளப்படும் சில நொடிகளில் ஒருவர் வேறு வட்டைப் பொருத்தியிருந்து, கருனி அதைக் கவனியாது நிலுவைக் கட்டளைகளை அனுப்பினால், பழைய வட்டுக்குரிய தரவு புதிய வட்டின் மீது எழுதப்பட்டு இரண்டாவதன் கோப்பு முறைமையும் அழியும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு மீளமைப்புக்குப் பின்னரும் வட்டின் அடையாளத் தகவல் மீண்டும் பெறப்பட்டு, வகைப் பெயரும் தொடர் எண்ணும் முந்தையவற்றுடன் ஒப்பிடப்படுகின்றன. வட்டின் கொள்ளளவும் ஒப்பிடப்படுகிறது. பொருந்தவில்லையெனில் பழைய வட்டு நீக்கப்பட்டதாகக் கருதப்பட்டு, புதியது தனிச் சாதனமாகப் பதிவு செய்யப்படும்.

கொள்ளளவு ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சில வட்டுகளில் இறுதிப் பகுதி பயனருக்குத் தெரியாதவாறு மறைத்து ஒதுக்கப்பட்டிருக்கும். இவ்வொதுக்கீடு மீளமைப்பினால் மாறக்கூடும். அவ்வேளையில் அதே வட்டு திடீரெனச் சிறுத்துவிட்டது போல் தோன்றும். வட்டின் இயல்பான முழு அளவு மாறாமல், வெளித்தெரியும் அளவு மட்டும் குறைந்திருந்தால், கருனி ஒதுக்கீட்டை நீக்க முயன்ற பின்னரே முடிவெடுக்கிறது.

பரிமாற்ற முறை முதலான அமைப்புகளும் வன் மீளமைப்பில் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். சிலவற்றைத் தக்கவைத்துக் கொள்ளும் ஏற்பாடு சாட்டா தரத்தில் உள்ளதாயினும், கருனி அதை மட்டும் நம்பியிராமல் பரிமாற்ற முறையை மீண்டும் நிறுவுகிறது. குறுகிய காலத்தில் பல இணைப்புப் பிழைகள் நேர்ந்தால், என்சிக்யூ முறை நிறுத்தப்படலாம். அல்லது இணைப்பின் வேகம் குறைக்கப்படலாம். நொடிக்கு 3 கிகாபிட் வேகத்தில் நிலையற்றிருக்கும் தரக்குறைவான வடம், 1.5 கிகாபிட் வேகத்தில் பிழையின்றி இயங்குவதுண்டு.

மீளமைப்பு மறைத்துவிடும் இழப்பு

மீளமைப்பு வெற்றி பெறுவது தரவுகள் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. வட்டுகள் எழுதவேண்டிய தரவுகளை முதலில் தம்முள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று எனக் கருனிக்கு அறிவித்துவிடும். உண்மையில் தகட்டில் எழுதுவது பின்னர் நிகழும். தற்காலிக நினைவகத்தில் உள்ளவற்றை நிலையாக எழுதும்படி கோரத் தனிக் கட்டளை ஒன்று உள்ளது. கோப்பு முறைமைகள் தம் குறிப்பேட்டை முறையாகப் பேண இக்கட்டளையையே சார்ந்துள்ளன.

மின்வழங்கி பலவீனமாக உள்ள கணினியில், வட்டுக்கு மட்டும் மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு மீள்வதாகக் கொள்வோம். வட்டின் தற்காலிக நினைவகத்திலிருந்த தரவுகள் அழிந்துவிடும். கருனிக்குத் தெரிவதோ இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டது மட்டுமே. அது வட்டை மீளமைக்கும், அடையாளம் பொருந்தும், நிலுவைக் கட்டளைகள் மீண்டும் அனுப்பப்பட்டு நிறைவேறும். ஆனால் எழுதியாயிற்று என ஏற்கனவே அறிவிக்கப்பட்ட கட்டளைகள் கருனியின் நிலுவைப் பட்டியலில் இல்லை. அவற்றை மீண்டும் அனுப்ப எவரும் இல்லை. அடுத்து வரும் நிலைப்படுத்தும் கட்டளையும் வெற்றி எனவே திரும்பும். கோப்பு முறைமை தன் தரவுகள் தகட்டில் உள்ளன என நம்பிக்கொண்டிருக்கும்.

இத்தகைய நிகழ்வைக் கண்டறிய வட்டின் ஸ்மார்ட் தகவல்கள் உதவுகின்றன. அவற்றில் 12-ஆம் எண்ணுடைய பண்பு, வட்டுக்கு மின்சாரம் அளிக்கப்பட்ட முறைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். கணினி அணைக்கப்படாத காலத்தில் இவ்வெண்ணிக்கை கூடியிருந்தால், குற்றம் வட்டிலோ வடத்திலோ அல்லாமல் மின்வழங்கலில் இருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வேளையில் கோப்பு முறைமையைச் சோதித்துப் பார்ப்பதும், காப்புப் பிரதியுடன் ஒப்பிடுவதும் நன்று.

ரெய்டு அணிகளில் ஏற்படும் சிக்கல்

மேசைக் கணினிகளுக்கான வட்டுகள் பல, படிக்க இயலாத பகுதியை மீட்க ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயல்வதுண்டு. அவ்வேளையில் வட்டு எதற்கும் மறுமொழி தராது. கருனியின் 30 நொடிக் காலக்கெடு அதற்கு முன்பே முடிந்து மீளமைப்பு தொடங்கும். மீளமைப்பும் தோல்வியுற்றால், ஒரேயொரு பழுதான பகுதிக்காக வட்டு முழுவதும் ரெய்டு அணியிலிருந்து விலக்கப்படும். அணியை மறுகட்டமைக்கும்போது இரண்டாவது வட்டிலும் இவ்வாறே நேர்ந்தால், இரு வட்டுகளின் தரவுகளும் பெரும்பாலும் நலமாக இருந்தும், ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கவல்ல அணி செயலிழந்துவிடும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. வட்டு இடம் தருமாயின், பிழை மீட்புக்கான கால வரம்பை வட்டிலேயே குறைக்கலாம். 7 நொடிகள் என்பது வழக்கமான மதிப்பு. இதனை ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் மூலம் அமைக்கலாம். பல வட்டுகளில் மின்சாரம் நின்று மீண்டால் இவ்வமைப்பு அழிந்துவிடுவதால், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அமைத்தல் வேண்டும். அவ்வசதி இல்லாத வட்டுகளுக்குக் கருனியின் காலக்கெடுவை 180 நொடிகள் போன்ற பெரிய மதிப்பாக உயர்த்தலாம். எவ்வாறாயினும் வட்டின் கால வரம்பு கருனியின் காலக்கெடுவை விடக் குறைவாக இருத்தல் வேண்டும். அப்போது வட்டு தன் தோல்வியைத் தானே அறிவிக்கும், மீளமைப்பு தேவைப்படாது, ரெய்டு நிரல் அப்பகுதியின் தரவை மற்ற வட்டுகளிலிருந்து கணித்து அதே இடத்தில் மீண்டும் எழுதிவிடும்.

பிற்கால நிலை

2008-இல் வெளியான 2.6.24 பதிப்பில் துறைப் பெருக்கிகளுக்கான ஆதரவு இதே கட்டமைப்பின் மீது சேர்க்கப்பட்டது. பழைய ஐடிஇ இயக்கி நிரல்கள் 2021-இல் வெளியான 5.14 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டன. அதன் பின் ஏடிஏ வட்டுகள் யாவும் லிப்ஏடிஏ வழியாகவே இயங்குகின்றன. உறையவைத்தல், தனி இழை, மறுபரிசோதனை ஆகிய 2006-ஆம் ஆண்டின் அடிப்படைகள் இன்றும் மாறவில்லை. கருனியின் பதிவேட்டில் இணைப்பு மீளமைக்கப்பட்டதாக அவ்வப்போது செய்திகள் காணப்பட்டால், வட்டு தொடர்ந்து இயங்குகின்ற போதிலும், வடத்தையும் மின்வழங்கியையும் ஸ்மார்ட் தகவல்களையும் சோதித்தல் இன்றியமையாதது.